மேனேஜர் சாப்பிடுகிறார்

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்த வணக்கத்துடன் அத்தைக்கு,

உங்கள் முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்த நான்காம் நாள் நீங்கள் தொலைபேசியில் பேசியபோது நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். "மேனேஜர் எப்படி இருக்கார்?" என்று கேட்டீர்கள். "நல்லா சாப்பிடுறார் அத்தை" என்றேன். அது பொய்யில்லை. அந்த நிமிஷம் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தது இன்னொரு மீனின் வால் என்பதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். "சமத்து" என்றீர்கள். அது என்னையா அவரையா என்று நான் கேட்கவும் இல்லை.

மற்றபடி நான் நலம். வீடு நலம். உங்கள் க்ளினிக்கில் பல் நாற்காலி, எக்ஸ்ரே இயந்திரம், நோயாளிகள் காத்திருக்கும் முன்னறை, எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கின்றன. மீன்தொட்டியைத் தவிர.

நீங்கள் கிளம்பும்போது எழுதி ஒட்டிவிட்டுப் போன தாள் இன்னும் தொட்டியின் பக்கத்துச் சுவரில்தான் இருக்கிறது. தண்ணீர் குறைந்தால் நல்ல தண்ணீர் மட்டும் ஊற்று, உப்பு எங்கேயும் போகாது, மேலே உப்புப் போடாதே. காலையில் ஒரு சிட்டிகை, மாலையில் ஒரு சிட்டிகை தீனி. போடுமுன் இடது மூலையில் மூன்று தட்டுத் தட்டு, மேனேஜர் வந்து விரலைக் கொத்துவார், பயப்படாதே. கடைசி வரிக்கு இரண்டு அடிக்கோடு: வேறு எதையும் செய்யாதே. நான் பதிப்பகத்தில் பிழை திருத்திச் சம்பளம் வாங்குகிறவள். ஒரு தாளில் அடிக்கோடிட்ட வரி எதற்கு இருக்கிறது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நடந்தது இதுதான். நீங்கள் அறுவை சிகிச்சைக்குப் போகும் முன் பெரியப்பா வீட்டில் எல்லோரும் சாப்பிட்டோமே, அன்று நீங்கள் கை கழுவப் போன நேரத்தில் பெரியப்பா சொன்னார்: "தனியாவே இருந்து இருந்து என் தங்கச்சிக்கு இப்படி ஆயிடுச்சு. கிட்ட போனா கடிக்கிறா. காலாகாலத்துல ஒருத்தன் வந்திருந்தா சரியாயிருப்பா." எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஆனால் தண்ணீர்க் குவளையை நிரப்பிக்கொண்டு சும்மா இருந்தேன். அந்தப் பேச்சு என்னை அறியாமல் எனக்குள் போய் உட்கார்ந்துவிட்டது போலிருக்கிறது. உங்கள் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், மேனேஜர் அந்த இரண்டு ஆரஞ்சு மீன்களையும் மூலைக்கு விரட்டிவிட்டு, இறாலின் மீசையை இழுத்துவிட்டு, கற்குவியலின் நடுப்பொந்தில் போய் முறைத்துக்கொண்டு நின்றபோது, பாவம், பதினோரு வருஷமாகத் தனியாக இருக்கிறார், தன் இனத்தில் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை, அதனால்தான் இந்தக் கோபம் என்று நினைத்தேன். தனிமையைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன் அத்தை. அதில் ஒன்றுகூட மீன் எழுதியது இல்லை.

அக்வேரியம் கடைக்காரரிடம் போனேன். அதே நீலம், அதே விரல் நீளம், உப்புத் தண்ணீரில் வளர்ந்த இன்னொரு டாம்செல் மீன். "துணைக்குங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "ஆரம்பத்துல கொஞ்சம் முறைச்சுக்கும். போகப் போகப் பழகிடும்" என்றார். பெரியப்பா மாப்பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும் அதே வாக்கியம். அப்போதாவது நான் சுதாரித்திருக்கலாம்.

பழகவில்லை. புதியவரை விட்டு, நான் கையைத் துடைத்துக்கொண்டு திரும்புவதற்குள் வாலில் ஒரு துண்டு இல்லை. மறுநாள் செவ்வாய்க்கிழமை, உங்களுக்குப் பதிலாக வரும் டாக்டரின் நாள், முன்னறையில் ஆறு பேர். கன்னம் வீங்கி, பேச முடியாமல் சைகை காட்டிக்கொண்டிருந்த ஒருவர் அரை மணி நேரத்தில் எழுந்து நின்று, "கல்லுக்குப் பின்னால போ! போடா! அங்க இல்ல, இந்தப் பக்கம்!" என்று கத்திக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்த அம்மாள், "ரெண்டும் அண்ணன் தம்பியா?" என்று என்னைக் கேட்டார். "இல்லைங்க, துணைக்கு வாங்கினது" என்றேன். "அப்ப புருஷன் பொண்டாட்டி. விடுங்க, சரியாயிடும்" என்றார். உங்கள் உதவியாளர் அக்கா மட்டும் டோக்கன் கொடுத்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னார்: "மீனுக்கு வரன் பாக்கற வேலை உங்களுக்கு எதுக்கும்மா?"

கடைக்காரருக்குத் தொலைபேசி செய்தேன். தொட்டிக்கு வெளியே ஒரு கண்ணாடியை ஒட்டினால், மேனேஜர் தன் உருவத்தையே எதிரி என்று நினைத்து அதனோடு சண்டை போடுவார், புதியவர் அதற்குள் காலூன்றிக்கொள்வார் என்றார். வீட்டில் அகப்பட்டது நீங்கள் நோயாளிகளுக்குப் பல்லைக் காட்டக் கொடுக்கும் அந்தப் பிடிவைத்த கண்ணாடிதான். அதைத் தொட்டியின் வலப்பக்கம் ஒட்டினேன். வெள்ளிக்கிழமை பதில் டாக்டர் ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்குப் புதுப் பல்செட் மாட்டிவிட்டு, "கண்ணாடி எங்கம்மா?" என்று கேட்டார். "ஒட்டியிருக்கு டாக்டர்." "எங்க?" "மீனுக்கு." தலைமையாசிரியர் நல்ல மனிதர். தொட்டியின் இடப்பக்கம் குனிந்து, நான்கடித் தண்ணீருக்கு அப்பால் தெரிந்த தன் புதுச் சிரிப்பைப் பார்த்தார். நடுவில் மேனேஜர் சிரிப்பின் மேல் பாய்ந்து பாய்ந்து மோதிக்கொண்டிருந்தார். "எனக்கு நல்லாத்தான் தெரியுது" என்றார் தலைமையாசிரியர். "அவருக்குத்தான் பிடிக்கல போல." சாயங்காலம் கண்ணாடியை எடுத்தேன். பகல் முழுக்கத் தோற்காமலும் ஜெயிக்காமலும் சண்டை போட்டவருக்கு அந்த ஆத்திரம் முழுவதும் மிச்சமிருந்தது. அதைப் புதியவரிடம் காட்டினார்.

அடுத்த யோசனை, கற்களை இடம் மாற்றுவது. "எது யார் வீடுன்னு மறந்துடும், ரெண்டும் சமமா ஆரம்பிக்கும்" என்றார் கடைக்காரர். தோள் வரை கையை விட்டு ஒவ்வொரு கல்லாக நகர்த்தினேன். தொட்டி வழிந்து, முன்னறையில் நீங்கள் போட்டு வைத்திருந்த பத்திரிகைகள் எல்லாம் உப்புத் தண்ணீரில் ஊறின. மேனேஜர் என் மணிக்கட்டில் நான்கு இடத்தில் கடித்தார். அதெல்லாம் எனக்கு வேண்டியதுதான். நான் எழுத வந்தது அதற்குப் பிறகு நடந்ததை. கற்கள் மாறியதும் அவர் விரட்டுவதை நிறுத்திவிட்டார். நடுப்பொந்து இருந்த இடத்துக்குப் போனார். அங்கே இப்போது வெறும் தண்ணீர். அந்த வெறும் தண்ணீரில், பொந்தின் அளவுக்கே ஒரு சின்ன வட்டம் போட்டுக்கொண்டு, வாசல் இருந்த பக்கம் முகத்தை வைத்து நின்றார். அவர் எவ்வளவு சின்ன மீன் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பழையபடி அடுக்கப் பார்த்தேன், வரவில்லை. நீங்கள் எந்தக் கல்லின்மேல் எந்தக் கல்லை வைத்திருந்தீர்கள் என்று நான் ஒருநாளும் பார்த்து வைத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் கோபம் திரும்பி வந்தது. இம்முறை ஆரஞ்சு மீன்களுக்கும் அடி. காய்கறி அலசும் பிளாஸ்டிக் கூடையைத் தொட்டியின் விளிம்பில் தொங்கவிட்டு, மேனேஜரைப் பிடித்து அதற்குள் போட்டேன். இதுவும் கடைக்காரர் சொன்னதுதான்: நாலு நாள் ஒதுக்கி வைத்தால், வெளியே வரும்போது அவர் புதியவர், மற்றவர் பழையவர். அக்கா தீனி போட வந்தவர் கூடைக்குள் எட்டிப் பார்த்தார். "இது யாரையாவது தேடிப்போய்க் கடிச்சுதா? அது பாட்டுக்கு அது வீட்டுல இருந்துது. நீங்களா ஆளைக் கொண்டாந்து விட்டீங்க, நீங்களா வீட்டைக் கலைச்சீங்க, இப்ப அதையே பிடிச்சு உள்ள போட்டுட்டீங்க" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அத்தை, இந்தக் கடிதத்தில் நான் பதில் சொல்லாத இடங்களை எண்ணினால் உங்களுக்கு என் குணம் பிடிபட்டுவிடும்.

நாலாம் நாள் வெளியே விட்டேன். பத்து நிமிஷம். மறுபடி கூடை. இரண்டில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று தெளிவாகிவிட்டது. அத்தை, நான் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டது மேனேஜரை. பலவீனமானவர் பிழைக்கட்டும் என்று நான் முடிவெடுத்ததாக எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். உண்மை என்னவென்றால், புதியவர் கற்களுக்குள் எங்கோ இருந்தார், அவரைப் பிடிக்க மறுபடி எல்லாக் கல்லையும் எடுக்க வேண்டும். மேனேஜர் கூடையில் இருந்தார். கைக்கு எட்டியவரைக் கொடுத்தேன். பைக்குள் தண்ணீரோடு போகும்போதும் அவர் என் விரல் பட்ட இடத்தை உள்ளிருந்து கொத்திக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலை, இடது மூலையில் மூன்று தட்டுத் தட்டினேன், பழக்கத்தில். புதியவர் வந்தார். பாதி வால்தான் இருந்தது. ஆரஞ்சு மீன்களை மூலைக்கு விரட்டினார். இறாலின் மீசையை இழுத்தார். பிறகு வந்து என் விரலைக் கொத்தினார். ஓடினேன் கடைக்கு. "அதை நேத்தே ஒருத்தர் வாங்கிட்டுப் போயிட்டாரே" என்றார் கடைக்காரர். யார், எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. "பெரிய தொட்டியாம். நல்லா இருக்கும்மா" என்றார். அந்தப் பெரிய தொட்டியில் அவருக்கு ஒரு பொந்து கிடைத்ததா, அதில் ஏற்கெனவே யாராவது இருந்தார்களா என்று எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை.

சாப்பாட்டு மேசையில் நான் வாயைத் திறக்காததற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்கிறேன். இப்போதானால் பெரியப்பாவிடம் சொல்லியிருப்பேன்: அத்தை வீட்டுக் கல்லை யாரும் நகர்த்தாதீர்கள், அவர் யாரையும் கடிக்க மாட்டார்.

சனிக்கிழமை நீங்கள் வரும்போது இந்தக் கடிதம் உங்கள் மேசைமேல் இருக்கும். படித்துவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், உட்கார்ந்துகொண்டு திட்டுங்கள். படி ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள். முழங்கால் சீக்கிரம் உங்கள் சொல்பேச்சுக் கேட்கட்டும். என்னைப் போல் இருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
அடிக்கோடிட்ட வரியை மீறிய,
உங்கள் தம்பி மகள்

பி.கு.: நீங்கள் வியாழக்கிழமையே வந்துவிட்டீர்கள். தேறும்வரை தங்குவதாக இருந்த வீட்டில் பெரியப்பாவோடு சண்டை என்று அக்காவிடம் சொன்னீர்கள். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல், இடது மூலையில் மூன்று தட்டுத் தட்டினீர்கள். அவர் வந்து உங்கள் விரலைக் கொத்தினார். "பாரு, என்னை மறக்கல" என்று சிரித்தீர்கள். பிறகு குனிந்து, "வால் ஏன் இப்படி இருக்கு? கல்லு சரிஞ்சு பட்டுதா?" என்று கேட்டீர்கள். அக்கா என்னைப் பார்த்தார். "ஆமா அத்தை" என்றேன். இந்தக் கடிதம் என் பையில் இருக்கிறது. நீங்கள் அவரை மேனேஜர் என்றுதான் கூப்பிடுகிறீர்கள். நன்றாகச் சாப்பிடுகிறார்.