அக்டோபரில் மன்னிக்கப்பட வேண்டியவர்

திட்டமிடாமல் பரிசுத்தமடைந்த மனிதர் உலகத்தில் ஒருவரும் இல்லை. இந்த மாபெரும் உண்மையைக் கண்டுபிடித்தவர் எங்கள் போதகர். சபைச் செயலாளர் என்ற முறையில் அதைக் குறிப்பேட்டில் ஏற்றிய பெருமை எனக்கு.

டிசம்பர் கடைசி வாரம், சபை அலுவலகத்தில் 'ஆவிக்குரிய இலக்கு நிர்ணயக் கூட்டம்' கூடியது. போதகர் தமக்கென வகுத்த இலக்குகளை வாசித்தார். தாழ்மை: சென்ற ஆண்டைவிட இருபது சதவீதம் கூடுதல்.

"போன வருஷமே ஐயா அளவுக்குத் தாழ்மை இந்த வட்டாரத்துல யாருக்கும் இல்லையே," என்றார் பொருளாளர்.

"அதான் சவாலே," என்றார் போதகர், தாழ்மையோடு.

அடுத்தது மன்னிப்பு. மாதம் ஒருவர் வீதம் பன்னிரண்டு பேர். ஜனவரிக்கு, தாளம் தப்பி வாசிக்கும் ஆர்மோனியக்காரர். பிப்ரவரிக்கு, பிரசங்கத்தில் குறட்டை விட்ட பொருளாளர்.

"அதுவரைக்கும் நான் என்ன பண்றதுங்கய்யா?"

"குற்றவாளியாவே இருங்க. அவசரப்படாதீங்க."

அக்டோபருக்கு, போதகரின் சொந்த அண்ணன். குற்றம்: எட்டு வருடமாகக் கோயில் பக்கம் தலைவைத்தும் படுக்காதது.

காரணம் எல்லோருக்கும் தெரியும். அண்ணன் எலக்ட்ரீஷியன். தாம் குடித்துக் கெட்டதையும் மீண்டதையும் தம்பியிடம் மட்டும் அழுது சொன்னார். அடுத்த ஞாயிறே தம்பி அதைக் 'கெட்ட குமாரன்' பிரசங்கத்துக்கு உதாரணமாக மைக்கில் சொல்லிவிட்டார். அண்ணன் அன்று மூன்றாவது வரிசையில் மனைவி மக்களோடு உட்கார்ந்திருந்தார்.

அந்த அண்ணன் கூட்டத்துக்கு நடுவே வந்து கதவைத் தட்டுவார் என்று நிகழ்ச்சி நிரலில் இல்லை.

போதகர் பட்டியலைப் பார்த்தார். "அண்ணே, உங்களுக்கு அக்டோபர்லதானே வெச்சிருக்கேன்."

"என்னத்தை?"

"மன்னிப்பை."

"நான் மன்னிப்புக் கேக்க வரல தம்பி. எட்டு வருஷமா நெஞ்சுல கிடக்கு, சுமக்க முடியல. உன்னை மன்னிச்சிட்டேன்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

போதகரின் விரல் பட்டியலில் மேலும் கீழும் போய் வந்தது.

"நான் மன்னிக்கிறதுக்குத்தான் இடம் போட்டிருக்கு. என்னை மன்னிக்கிறதுக்குப் போடலியேண்ணே."

அண்ணன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

புத்தாண்டு ஆராதனையில் போதகர் அந்தச் சந்திப்பையே பிரசங்கமாக்கினார். இரண்டு சகோதரர்கள், எட்டு ஆண்டுக் கசப்பு, ஒரு கதவு. சபையே மூக்கை உறிஞ்சியது. அக்டோபர் இலக்கை ஜனவரி முதல் தேதியே முடித்துக்காட்டிய தலைவரை நான் வேறெங்கும் கண்டதில்லை. கதையில் ஒரே ஒரு சிறு திருத்தம் செய்திருந்தார்: போய்க் கதவைத் தட்டியவரும் அவர், மன்னித்தவரும் அவர்.