பெரிய பெட்டி, சின்னப் பெட்டி, பத்துச் சுற்று வெங்காயம்

இனி ஆயுளில் ஒரு பாட்டைக்கூட அரைகுறையாகக் கேட்பதில்லை என்று ராசாங்கம் தீர்மானித்தார். தீர்மானம் பிறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வாய் நிறையப் பற்பசை நுரையோடு. அவருடைய பெரிய தீர்மானங்கள் எல்லாம் அந்த நேரத்தில்தான் பிறக்கும். வாய் கொப்பளித்ததும் பாதி போய்விடும். இது போகவில்லை.

காரணம் இருந்தது. பதினேழு வருடம் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை. பன்னிரண்டு பேர் படுக்கும் அறை. பாட்டுக் கேட்டால் ஒரு காதில்தான். மறு காதைச் சூப்பர்வைசர் கூப்பிடுவதற்காகத் திறந்து வைத்திருக்க வேண்டும். அதனால் எத்தனையோ நல்ல பாட்டுகளின் வலப்பக்கத்தோடு அவருக்கு அறிமுகமே கிடையாது. இப்போது வயது நாற்பத்தெட்டு. வேப்பந்தட்டையில் சொந்த வீடு. கூடத்தில் இரண்டு ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் இரண்டுக்கும் சரிநடுவே, இஞ்ச்டேப் வைத்து அளந்து போட்ட ஒரு பிரம்பு நாற்காலி. ஒன்றே ஒன்றுதான் குறை.

"டாக் வாங்கணும் செல்வி."

வெற்றிச்செல்வி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். "அது என்னாங்க அது?"

"ஃபோனுக்குள்ள பாட்டு பாட்டா இருக்காது. வெறும் நம்பரா இருக்கும். அந்த நம்பரைச் சத்தமா மாத்துற பெட்டி."

"இப்ப மட்டும் என்ன, ஃபோன் நம்பரையா பாடுது?"

"ஃபோனும் மாத்தும். ஆனா ஏனோதானோன்னு மாத்தும். ரெண்டாயிரத்துலயும் பெட்டி இருக்கு, ரெண்டு லட்சத்துலயும் இருக்கு. நான் பேராசைப்படல. நடுவுல நிக்கிறேன்."

நடுவில் நிற்பது அத்தனை லேசாக இல்லை. மூன்று வாரம் படித்தார். இணையத்தில் இதற்கென்றே வாழும் மனிதர்கள் இருந்தார்கள். ஒருவர் ஒரு பெட்டியைக் கேட்டதும் பாடகர் தன் மடியில் வந்து உட்கார்ந்துவிட்டதாக எழுதியிருந்தார். இன்னொருவர் அதே பெட்டியைக் குப்பை என்றார். ராசாங்கம் இருவரையும் நம்பினார். கடைசியில் நடுவிலேயே இரண்டு நடு மிஞ்சியது: ஒன்பதாயிரத்துக்குத் தீப்பெட்டி அளவில் ஒன்று, இருபத்துநாலாயிரத்துக்கு டிபன் பாக்ஸ் அளவில் ஒன்று. இரண்டையும் வரவழைத்தார். பிடிக்காததைப் பத்து நாளில் திருப்பிக் கொடுக்கலாம். சனிக்கிழமை மாலை பெரம்பலூரிலிருந்து கூரியர்காரர் எடுக்க வருவார்.

எது பிடித்தது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பெரியதுதான். அதை அட்டையிலிருந்து எடுக்கும் முன்பே பிடித்துவிட்டது.

தடை ஒன்றுதான். அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது: கூடத்துக்குள் எந்த மின்சாரச் சாமான் வந்தாலும் இரண்டு பேர் வாயிலிருந்தும் "சரி" வரவேண்டும். ராசாங்கம் ஊர் திரும்பிய மாதம் தன்னந்தனியாக முடிவெடுத்து ஓர் உடற்பயிற்சி எந்திரம் வாங்கினார். அதில் இன்றுவரை ஓடியது ஈரத்துணிகள் மட்டும். சட்டம் அன்று பிறந்தது.

ஆக, பெரிய பெட்டி வீட்டில் தங்க வேண்டுமானால் செல்வியின் வாயால் "இதுதான் நல்லாயிருக்கு" என்று வரவேண்டும். ராசாங்கம் ஒரு திட்டம் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை அவளைப் பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்து, துண்டால் கண்ணைக் கட்டினார்.

"எதுக்குங்க இது?"

"விஞ்ஞானம். பேரு தெரியாம கேக்கணும். அப்பதான் காது நேர்மையா இருக்கும்."

காது நேர்மையாக இருந்தது, கைதான் இல்லை. சத்தம் ஒரு துளி கூடினால்கூடக் கேட்பவருக்கு அது நயமாகத் தோன்றும் என்று அந்த இணைய மனிதர்கள் எச்சரித்திருந்தார்கள். அவர்கள் எச்சரிக்கையாகச் சொன்னதை ராசாங்கம் யோசனையாக எடுத்துக்கொண்டார். பெரிய பெட்டியின் சத்தத் திருகை ஒரு நூல் கூட்டி வைத்தார். ஒரே பாட்டை முதலில் சின்னதில் போட்டார். பிறகு பெரியதில்.

"சொல்லு. ஒன்னாவதா, ரெண்டாவதா?"

செல்வி துண்டை அவிழ்க்கவில்லை. கட்டிய கண்ணோடு அவர் நின்ற பக்கமாகத் திரும்பினாள்.

"ரெண்டாவதுக்கு வால்யூமைத் தூக்கி வச்சிருக்கீங்க."

"சேச்சே."

"ஒரு நெல்மணி அளவு தூக்கியிருக்கு. நான் யாரு வூட்டுப் பொண்ணுன்னு மறந்துபோச்சா?"

மறந்துதான் போயிருந்தது. செல்வியின் அப்பா வெள்ளைச்சாமி மீன்சுருட்டியில் ரேடியோ செட் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எதுவானாலும் சுற்றுப்பட்டில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவது அவர்தான். புளியமரத்தில் குழாயைக் கட்டி முடித்ததும் மகளைத் தெருக்கோடிக்கு ஓடவிடுவார். அவள் அங்கே நின்று கேட்டு, கரகரத்தால் இடக்கையைத் தூக்குவாள், சரியாக இருந்தால் வலக்கையை. அந்தப் பத்து வயதுக் கையை நம்பித்தான் ஒன்றியம் முழுக்கக் கல்யாணம் நடந்தது. ராசாங்கத்துக்குத் தெரிந்த கதைதான். ஆனால் குழாய் வேறு, சங்கீதம் வேறு என்று அவர் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார்.

செல்வி துண்டை அவிழ்த்து உதறி அவர் தோளில் போட்டாள்.

"சரி, நீங்க தப்பாட்டம் ஆடிட்டீங்க. இனிமே நான் வைக்கிறதுதான் பரீட்சை. நாளைக்குக் காலையில. பத்துச் சுத்து. நான் மாத்தி மாத்திப் போடுவேன், நீங்க கேட்டு எதுன்னு சொல்லணும். எட்டு சரியா சொல்லிட்டா பெரிய பெட்டி இருக்கட்டும். இல்லன்னா கூரியர்ல போவட்டும்."

ராசாங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. பத்துக்குப் பத்து எடுக்கப்போகிறவரிடம் எட்டு கேட்கிறாள்!

சனிக்கிழமை காலை பக்கத்து வீட்டு முத்தமிழ்செல்வன் ஒரு கூடைச் சின்ன வெங்காயத்தைக் கொண்டுவந்து இறக்கினார். அவருடைய காட்டு வெங்காயம்.

"எட்டு கிலோ இருக்கும் தங்கச்சி. நீ கேட்ட மாதிரி நல்லா காஞ்ச காய்." கூடத்தை எட்டிப் பார்த்தார். "என்ன மாப்ள, இன்வெர்ட்டரா?"

"டாக், மச்சான். பாட்டுக்கு."

"இது இல்லன்னா பாடாதா?"

"பாடும். ஆனா மேடை விரியாது."

முத்தமிழ்செல்வன் கூடத்தின் அகலத்தை ஒருமுறை பார்த்தார். "வூட்டுக்குள்ள எதுக்கு மாப்ள மேடை?" என்றபடி போய்விட்டார்.

செல்வி கூடையை அடுப்படிக்கு இழுத்தாள். பின்னாலேயே அரிவாள்மணை, ஒரு பெரிய அண்டா, ஒரு பலகை.

"வாங்க, உக்காருங்க."

"எங்க? நாற்காலி கூடத்துல இருக்கு."

"செட்டுக்காரங்க குழாயடியில நின்னு கேக்க மாட்டாங்க. ஜனங்க நிக்கிற எடத்துல நின்னுதான் கேப்பாங்க. இந்த வூட்டுல ஆளு எந்நேரமும் நிக்கிற எடம் எது? அடுப்படி. இங்கேருந்து கேட்டு வித்தியாசம் தெரிஞ்சாத்தான் அது பெட்டி."

இதில் எங்கோ ஓட்டை இருப்பதாக ராசாங்கத்துக்குப் பட்டது. எங்கே என்று தெரியவில்லை.

"துண்டு?"

"துண்டு எதுக்கு? வடகத்துக்கு உரிச்சு நறுக்குங்க. கண்ணு தானா மூடிக்கும்."

முதல் சுற்றிலேயே கண் மூடிக்கொண்டது. கூடத்தில், ஆம்ப்ளிஃபயரில் பெட்டி மாற்றும் திருகு 'டக்' என்று திரும்பியது. ஒரு பெண் குரல் பாடத் தொடங்கியது.

"ஒன்னு! எதுங்க?"

"சின்னது! தகரம்! தகரத்துல ஆணி வச்சுக் கீறுன மாதிரி இருக்கு!"

டக்.

"ரெண்டு?"

"ஆகா! பெரியது! மேடை விரியுது பாரு! தபலா தனியா நிக்குது, வயலின் தனியா நிக்குது!"

"அவ்வளவும் அடுப்படியில தெரியுதா?"

"காதுன்னா சும்மாவா!"

டக். டக். மூன்றும் நான்கும் சின்னது. ஐந்து பெரியது. ஆறில் கொஞ்சம் தடுமாறி, ஒரு வெங்காயத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு யோசித்தார்.

"கை நிக்கக் கூடாதுங்க. கை நின்னா காது தூங்கிடும். எங்கப்பா சொல்லுவாரு."

மாமனார் இதைச் சொல்லியிருப்பாரா என்று விசாரிக்க அவர் உயிரோடு இல்லை. ராசாங்கம் நறுக்கினார். ஏழாவது சுற்றில் வயலின் அழுதது. அவரும் அழுதார். எது எதனால் என்று பிரித்துச் சொல்வது கடினம். எட்டில் மூக்கும் சேர்ந்துகொண்டது. சுற்றுக்கு அரை மணி நேரமாக இழுத்து, பத்தாவது சுற்று முடிந்தபோது மதியம் தாண்டியிருந்தது, அண்டா நிறைந்திருந்தது, கூடையில் தோல் மட்டும் கிடந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு, பரிசு வாங்கப் போகிறவர் மாதிரி கூடத்துக்கு நடந்தார்.

செல்வி பிரம்பு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கால் மேல் கால்.

"எத்தனை சரி?"

"நாலு."

"நாலா? பத்துக்கா? இருக்கவே முடியாது! எந்தச் சுத்துல எதைப் போட்ட, சொல்லு பாப்போம்."

"பத்துச் சுத்தும் பெரியதுதாங்க."

"டக்குடக்குன்னு திருப்புனியே!"

"திருப்பித் திருப்பி அங்கேயே கொண்டாந்து வச்சேன். சின்னதை நான் காலையிலேயே கழட்டிட்டேன். அதோ."

வாசல்படி ஓரத்தில் சின்னப் பெட்டி, வந்தபோது இருந்த அட்டைக்குள் டேப் ஒட்டப்பட்டு, கூரியர்காரருக்காகக் காத்திருந்தது.

ராசாங்கத்துக்கு விஷயம் மெதுவாக இறங்கியது. இருபத்துநாலாயிரம் ரூபாய்ச் சங்கீதத்தை ஆறு முறை தகரம் என்று தன் வாயாலேயே சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அந்த அட்டையைக் கவனித்தார்.

"செல்வி, நான் தோத்துட்டேன்ல. பெரியதுதானே போவணும்? சின்னதைக் கட்டி வச்சிருக்கியே?"

"பெரியது போவாது. அது எனக்குப் பிடிச்சிருக்கு."

"எப்ப பிடிச்சுது?"

"போன சனிக்கிழமையே. நீங்க காலையில காட்டுப் பக்கம் நடக்கப் போறப்பல்லாம் உக்காந்து ரெண்டையும் கேட்டேன். சத்தத்தை ஒன்னுபோல வச்சுத்தான் கேட்டேன், உங்கள மாதிரி இல்ல. வித்தியாசம் ரொம்ப இல்லைங்க. இத்தினிக்கூண்டு. ஆனா இருக்கு."

"அப்ப நேத்தே சரின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல!"

"நீங்க எங்க கேட்டீங்க? கண்ணைல்ல கட்டினீங்க."

ராசாங்கம் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அண்டா நிறைய எட்டு கிலோ வெங்காயம்.

"கோச்சுக்காதீங்க. ஆளு வச்சு நறுக்கியிருந்தா இவ்வளவு பொடியா வந்திருக்காது," என்றாள். பிறகு எழுந்து அவர் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். தான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். அதே பாட்டை முதலிலிருந்து போட்டாள். "மேடை கீடைன்னு தேடாதீங்க. சும்மா இருங்க. அந்தம்மா பாட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மூச்சு இழுக்கும், அதை மட்டும் கேளுங்க. எங்கப்பா குழாய்ல இந்தப் பாட்டை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். அந்த மூச்சை நான் கேட்டதே இல்ல."

ராசாங்கம் சும்மா இருந்தார். மூன்று வாரமாகப் படித்ததெல்லாம் தலையை விட்டு இறங்கி எங்கோ போனது. முகப்பு இசை அடங்கியது. ஒரு நொடி வெற்றிடம். அதில், யாரோ அறைக்குள் வந்து நின்றதுபோல, சின்னதாக ஒரு மூச்சு. அதன் பிறகு குரல்.

அவர் செல்வியைப் பார்த்தார். அவள் வலக்கையை உயரத் தூக்கிக் காட்டினாள்.

இந்த முறை வந்த கண்ணீருக்கு வெங்காயத்தைக் குற்றம் சொல்ல முடியாது.

மாலையில் கூரியர்காரர் வந்து சின்னதை வாங்கிப்போனார். வீட்டில் சமாதானம் நிலவியது. சாயங்காலம் ஆறு முதல் ஏழு வரை நாற்காலி செல்விக்கு, ஏழு முதல் எட்டு வரை அவருக்கு என்று ஒப்பந்தமானது. முதல் ஒரு மணி நேரம் வடகத்துக்குப் பூண்டு உரிப்பது என்று ராசாங்கமே முன்வந்து ஏற்றுக்கொண்டார். மனசு அவ்வளவு நிறைந்திருந்தது. இனி தனக்குக் கேட்கத் தெரியும். எங்கே உட்கார்ந்தாலும் தெரியும்.

ஆறு மணி ஆனது. அவர் அடுப்படியில் பூண்டோடு உட்கார்ந்தார். பாட்டு மிதந்து வந்தது. கண்ணை மூடினார். என்ன ஆழம்! என்ன தெளிவு! காலையில் தகரமென்று சொன்ன வாய் அல்லவா இது என்று வெட்கமாகக்கூட இருந்தது.

"செல்வி!" என்று உரக்கக் கூப்பிட்டார். "இப்ப தெரியுது! அந்தப் புல்லாங்குழலைக் கேளு! பெரிய பெட்டி பெரிய பெட்டிதான்!"

கொல்லையிலிருந்து பதில் வந்தது.

"நான் இன்னும் துணி எடுத்துக்கிட்டு இருக்கேங்க. அது முத்தமிழ் அண்ணன் வூட்டு டிவி."