அறுபது வீட்டுக்கு ஒரு ஈமெயில்

ஒரு பொருளைத் தொலைக்காமலேயே காணாமற் போகச் செய்யக்கூடிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் எங்கள் பெட்டகத்தார். மந்திரவாதிகள்கூட மறைத்த கைக்குட்டையைக் கைதட்டு முடியுமுன் திருப்பிக் காட்டிவிடுவார்கள். பெட்டகத்தார் மறைத்ததைத் திருப்பிக் காட்ட அரைப் பகலாவது வேண்டும். அதுவும் மழை பெய்து நெட் விழாமல் இருந்தால்.

குருக்கள்மடத்தில் என் ஓட்டோ நிற்கும் இடத்துக்கு நேரெதிரே அவருடைய கொமினிகேசன் கடை. போட்டோக்கொப்பி, லமினேட்டிங், படிவம் நிரப்புதல், இலவசமாக அறிவுரை. அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையின் பாவனைக்கு மட்டும். கிடைத்ததையெல்லாம் உள்ளே வைத்துப் பூட்டுகிறவர் என்பதால் ஊருக்கு அவர் பெட்டகத்தார்.

எங்கள் ஒழுங்கையின் அறுபது வீட்டிலும் போன் இல்லாத கை இல்லை. பாட்டுக் கேட்கிறோம், படம் பார்க்கிறோம், கட்டாரில் இருக்கும் மச்சானோடு முகம் பார்த்துச் சண்டை பிடிக்கிறோம். ஆனால் ஒரு படிவத்தில் 'மின்னஞ்சல் முகவரி' என்று ஒரு கோடு வந்துவிட்டால், எல்லோரும் பெட்டகத்தாரின் முகத்தைத்தான் பார்ப்போம். அவரும் பெரிய மனது பண்ணித் தன் முகவரியை அந்தக் கோட்டில் எழுதுவார். இப்படி எழுதி எழுதி, அறுபது வீட்டுக்கும் ஒரே ஈமெயில் என்றாகிவிட்டது. ஊர்ப் பொதுக் கிணறுபோல. ஒரே வித்தியாசம், வாளி அவர் கையில் மட்டும்.

"அண்ணன், ஆளுக்கொண்டு திறந்து குடுத்தா என்ன?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அறுபது பாஸ்வேர்டையும் ஆரு தம்பி ஞாபகம் வெக்கிற? நீங்களா? நீங்க சாவியக் கையில வெச்சிக்கிட்டு ரோட்டெல்லாம் சாவி தேடின ஆள்."

அது ஒரேயொரு தடவை நடந்தது. அதை அவர் மறக்கமாட்டார். மறக்கக்கூடாததை மட்டும் சரியாக மறப்பார், அதைப் பிறகு சொல்கிறேன்.

வந்த கடிதங்களைக் காலையில் வாசித்துவிட்டு, பத்து மணிக்குச் சைக்கிளில் புறப்படுவார். வீடு வீடாகப் போய் வாயால் சொல்வதுதான் அவருடைய விநியோகம். மூன்று பக்கக் கடிதத்தை மூன்று சொல்லுக்குள் அடக்கிவிடுவார். பக்கத்து வீட்டுப் பொடியன் ஒருவன் வெளிநாட்டு விசாவுக்கு எழுதிப்போட்டு, சட்டப் பிரிவுகளெல்லாம் காட்டி நீளமான மறுப்பு வந்தது. பெட்டகத்தார் சைக்கிளை விட்டு இறங்கக்கூட இல்லை. வாசல் படலையில் ஒரு கால் ஊன்றியபடி, "மகன், அவங்களுக்கு உங்கள வேணாமாம்" என்று சொல்லிவிட்டுப் பெல் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

பின்னேரம்தான் பெரிய வேலை. விளக்கு வைக்க முன்னம் வாசல் கூட்டவேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். அதை அவர் கொம்பியூட்டருக்கும் கொண்டுபோனார். பொழுது படும் நேரம் இன்பொக்ஸில் ஒரு கடிதம் கிடக்கக்கூடாது. அழிப்பதும் இல்லை, அது பாவம். எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு சரி போட்டு, பெட்டிபோல் ஒரு படம் இருக்குமே, அந்த ஆர்க்கைவ் பொத்தானை அமர்த்துவார். கடிதங்கள் முன்னாலிருந்து மறைந்து உள்ளே போய்விடும். பிறகு எழும்பிக் கை கழுவிவிட்டுச் சாமிப் படத்துக்கு விளக்கு வைப்பார்.

"விளம்பரம், ஏமாத்துக்காரண்ட கடிதம், இதையெல்லாமாவது அழியுங்களன் அண்ணன்."

"என்ன கதைக்கிறீங்க? ஆபிரிக்காவில ஒரு மந்திரிட பெண்சாதி, புருசன் செத்து எட்டு வருசமா எனக்குக் கடிதம் போடுறா. எனக்கு ஏலா தம்பி, ஒரு கைம்பெண்ட கடிதத்த அழிக்க."

இப்படிப்பட்டவரின் முகவரியைத்தான், என் மகள் தர்சினி பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தபோதும் கோட்டில் எழுதினோம். வேறு என்ன செய்வது? நானோ எட்டாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவன்.

என் மனைவிக்குப் பித்தப்பையில் கல் என்று சத்திரசிகிச்சை நடந்து, மட்டக்களப்பு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து ஒரு கிழமை இருக்கும். ஒருநாள் மத்தியானம், கொக்கட்டிச்சோலையிலிருந்து தர்சினியின் சிநேகிதி போன் எடுத்தாள்.

"என்னடி, நீ பதிய வரல்லயா? வந்தாறுமூலை வளாகத்தில பதிவெல்லாம் போன கிழமையே முடிஞ்சிட்டு. உனக்கு ஈமெயில் வரல்லயா?"

தர்சினியின் முகம் வெளுத்தது. நான் வெளுக்கவில்லை. நேரே அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டேன். வளாகத்தில் இடம் போய்விட்டது, பிள்ளை அழுது அழுது சாப்பாட்டை வெறுக்கிறாள், தையல் போட்ட மனைவி எழும்பி விழுகிறாள், அவர்களை ஏற்றிக்கொண்டு போகும்போது ஓட்டோவின் பிரேக் அறுகிறது. செருப்பு மாட்டி முடிக்குமுன் இவ்வளவும் என் மனதுக்குள் நடந்து முடிந்தது.

தர்சினியோடு கடைக்கு ஓடினேன். பெட்டகத்தார் அவசரமே இல்லாமல் ஆறுதலாக இருந்தார்.

"உங்கட புள்ளைக்கு ஒண்டு வந்ததுதான். உள்ள போட்டிரிக்கன்."

"என்ன அண்ணன் எழுதியிரிந்திச்சி?"

"அது ஞாபகமில்ல. உள்ள போட்டத நான் மறந்திருவன். அதுக்குத்தானே உள்ள போடுற? அறுபது வீட்டுக் கவலையையும் தலையில வெச்சிரிந்தா நான் என்னத்துக்காகுற?"

தர்சினி மெதுவாகச் சொன்னாள்: "மாமா, மேல தேடுற பெட்டி இரிக்கி. என்ட விண்ணப்ப இலக்கத்தப் போட்டாப் போதும், உடன வரும்."

கேட்கக்கூடாத வார்த்தையைக் கேட்டவர்போல் அவர் திரும்பினார். "தேடுறது துலைச்சவன்ட வேலை புள்ள. நான் துலைக்கல்லயே. வெச்சவனுக்கு வெச்ச இடம் தெரியும். இரிங்க ரெண்டு பேரும்."

இருந்தோம். 'எல்லா அஞ்சல்களும்' என்ற இடத்துக்குப் போனார். உள்ளே போட்டதெல்லாம் அங்கேதான் கிடக்கும். ஒரு பக்கத்துக்கு ஐம்பது. நெட், வாவிக்குள் எருமை நடப்பதுபோல் நடந்தது.

"கடிதம் வந்த அண்டைக்கு எங்கட வீட்ட றால் பொரியல். அப்ப வெள்ளிக்கிழமையில்ல. மறுகா, மழையும் பெஞ்சது. அப்ப..." என்று கணக்குப் பார்த்தபடியே ஒவ்வொரு கடிதமாக நின்று குசலம் விசாரித்துக்கொண்டு போனார். "ஆ, இது கதிரவேல்ர இன்சூரன்ஸ். பாவம் மனிசன்." மந்திரியின் மனைவி வந்தபோது, "இந்தா, இவ திரும்பவும் எழுதியிரிக்கா" என்று ஒரு நிமிடம் மௌனம் காத்தார். ஒன்பதாம் பக்கம் வர ஒரு மணித்தியாலம் ஆயிற்று. அதற்குள் என் மனதில் தர்சினி முப்பது வயதாகி, என் பக்கம் திரும்பிப் பாராமல் இருந்தாள்.

"உங்கட மூஞ்சியப் பார்த்தா எனக்குத் தலையிடிக்கிது தம்பி. பிளேன்டி வாங்கிக்கிட்டு வாறன்" என்று அவர் ரோட்டைக் கடந்தார்.

அவர் செருப்புச் சத்தம் ஓய்ந்ததும் தர்சினி நாற்காலியில் பாய்ந்தாள். தேடுற பெட்டியில் இலக்கத்தைத் தட்டினாள். நான் இருமி முடிக்குமுன் கடிதம் வந்து நின்றது. ஒன்றல்ல, ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று. முதலாவது, பதிவுக்கு வரச்சொல்லி வளாகம் எழுதியது. இரண்டாவது, எங்களிடமிருந்து போனது. நாங்கள் எழுதாதது.

'மதிப்புக்குரிய ஐயா, இந்தப் பிள்ளையின் தாய் ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்காக இருக்கிறார். பிள்ளைதான் பக்கத்தில் நிற்கிறது. தகப்பனிடம் சொல்ல ஆஸ்பத்திரிக்கே சைக்கிளில் போனேன். அவர் இருந்த இருப்பைப் பார்த்துச் சொல்லாமல் திரும்பிவிட்டேன். அவர் நல்ல மனிதர். ஆனால் வானம் கறுத்தாலே கூரை பறந்துவிட்டது என்று நினைக்கிறவர். மகள் வளாகம் போகப்போவதை ஓட்டோவில் ஏறுகிற எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறார். தயவு செய்து கொஞ்ச நாள் தாருங்கள். இப்படிக்கு, பிள்ளையின் மாமன்.'

எங்களுக்கு அவர் எந்த வழியிலும் சொந்தமில்லை.

மூன்றாவது, வளாகத்தின் பதில். காரணம் ஏற்றுக்கொள்ளப்பட்டது, இந்தக் கடிதத்தின் பிரதியோடு வந்து பதியவும். கடைசி நாள், நாளைக்கு. பதில் கிடைத்த நிம்மதியில் மனிதர் அதையும் உள்ளே போட்டு, வழக்கம்போல் மறந்துவிட்டார்.

தர்சினி கண்ணைத் துடைத்தாள். பிறகு அவள் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. தேடுற பெட்டியைத் துப்புரவாக வெறுமையாக்கினாள். திரையைப் பழையபடி ஒன்பதாம் பக்கத்தில் கொண்டுவந்து விட்டாள். தன் கதிரைக்கு வந்து கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

பெட்டகத்தார் மூன்று கோப்பையோடு வந்தார். "தொட்டீங்களா ஒண்டையும்?"

"இல்ல மாமா."

"ஆ, அதுதான் நல்ல புள்ளைக்கு அழகு. கிட்டத்தான் இரிக்கி. எனக்கு வாசம் வருது."

வாசம் பத்தொன்பதாம் பக்கத்தில்தான் வந்தது. "பாத்தீங்களா! வெச்சவனுக்குத் தெரியாதா?" என்று மேசையில் தட்டினார். கடிதத்தைத் திறந்தார். தன் எழுத்தைக் கண்டதும் அவர் முதுகு நிமிர்ந்தது. ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துவிட்டு, மௌஸை அவசரமாக உருட்டி அந்த நடுக் கடிதத்தைத் தாண்டினார். "இதெல்லாம் உங்களுக்குத் தேவல்ல" என்று கடைசிக் கடிதத்தை மட்டும் அச்செடுத்து நீட்டினார்.

இடையில் முக்கால் மணி நேரம், பத்துப் பக்கம். அவர் றாலையும் மழையையும் கூட்டிக் கழித்துத் தேடிக்கொண்டிருக்க, நான் பிளேன்டியை ஆறுதலாகக் குடித்துக்கொண்டு அவர் பிடரியைப் பார்த்தபடி இருந்தேன். என் ஆயுளில் எதற்கும் பதறாமல் நான் இருந்த முக்கால் மணி நேரம் அது ஒன்றுதான்.