ஏரிக்கரையில் ஒரு மீன்கோர்வை

உலகத்தில் எந்தப் பேச்சாளருக்கும் வரக்கூடாத நிலைமை நித்தியானந்தனுக்கு வந்தது. மேடை இல்லாமல் போய்விட்டது.

டென்மார்க்கில் பதினைந்து வருடமாக அவருக்குச் சனிக்கிழமை என்றால் கூட்டம். இக்காஸ்டில் கூட்டம், வைலேயில் கூட்டம், இரண்டும் இல்லாவிட்டால் அடுத்த கூட்டத்தைப் பற்றி ஒரு கூட்டம். மே மாதம் இலங்கையில், ஊரில் போர் முடிந்தது; அதோடு கூட்டங்களும் நின்றன. புருசனும் பெண்சாதியும் ரெலிவிசனுக்கு முன்னால் இருந்து அழவேண்டியதை அழுதார்கள். அதில் பகிடி ஒன்றும் இல்லை. ஆனால் ஆவணி பிறந்தபோது பெண்சாதி தங்கராணிக்கு வேறொரு உண்மை உறைத்தது. சனிக்கிழமைகளில் இந்த மனிசன் இனி வீட்டில்தான். வீட்டில் இருந்து, அடுப்படி வாசலில் கதிரையைப் போட்டு, குழம்புக்கு உப்புப் போடுவது பற்றி அரை மணித்தியாலம் உரையாற்றுகிறார்.

தங்கராணி முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். கிழமையில் ஐந்து நாள் கிழவர்களைத் தூக்கி இருத்தி விட்டு வருபவள். மூன்றாவது உரையில் பொறுமை போய்விட்டது.

“கூட்டம்தான் முடிஞ்சுதே. இனிச் சனிக்கிழமைச் சமையல் உங்கட.”

“ஆம்பிளை அடுப்படிக்குள்ள போறதோ? ஆர் வேட்டையாடிக் கொண்டு வருகினமோ, அவை சமைக்கிறேல்லை. அது உலக நியதி.”

“எதை வேட்டையாடுறீங்க? இக்காஸ்டில மானா நிக்குது?”

யன்னலுக்கு வெளியே யாரோ ஒரு டேனிஷ்காரர் தூண்டிலோடு சைக்கிளில் போனார்.

“மீன்!” என்று முழங்கினார் நித்தியானந்தன்.

“சரி, நாலு சனிக்கிழமை தாறன். பக்கத்து ஏரியில ஒரு மீன் பிடிச்சுக் காட்டுங்க. சாகுமட்டும் சனிக்கிழமை நான் சமைக்கிறன். இல்லாட்டி நீங்க.”

“ஓம். எழுதி வையும்!”

தோற்கப் போகிறவர் மேல் அவளுக்கு இரக்கம் வந்தது.

“இஞ்ச பாருங்க, அந்த ஏரியில அபோர எண்டு ஒரு மீன். கறுப்புக் கோடு, சிவந்த செட்டை. நடுத்தண்ணியில தேடாதீங்க. மரம் விழுந்து கிடக்கிற இடம், புல்லோரம், மரப்பாலத்து நிழல், அங்கதான் கூட்டமா நிக்கும். சின்னத் தூண்டில், ஒரு மண்புழு. காலடியில மெல்ல இறக்கினாப் போதும்.”

“மட்டக்களப்பு வாவிக்காரி பருத்தித்துறைக்காரனுக்கு மீன்பிடி படிப்பிக்கிறாவோ! நாங்கள் கடலில பாரை இழுத்த ஆக்கள். மீன் எண்டால் ஆழத்திலதான்.”

“நீங்க எப்ப இழுத்தீங்க? உங்கட அப்பா தபால்கந்தோர் கிளாக்கர்.”

முதலாம் சனி, சுறாவுக்குப் போதுமான தூண்டிலை நடு ஏரிக்கு வீசினார். தாராக்கள் எழும்பிப் போயின. இரண்டாம் சனி, கைபேசியில் வைலே நண்பருக்கு மீன்பிடியின் தத்துவத்தை விளக்கினார். இருந்த மீன்களும் எழும்பிப் போயின. மூன்றாம் சனி ஒன்று சிக்கியது. அவருடைய சொந்த ஜாக்கெற்.

மரப்பாலத்தில் பௌல் என்ற டேனிஷ் கிழவர் மட்டும், தண்ணீரில் விழுந்து கிடந்த மரத்துக்குப் பக்கத்தில் நூலை இறக்குவதும் மீனைத் தூக்குவதுமாக இருந்தார். நித்தியானந்தன் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

நாலாம் சனி மத்தியானம் மழையும் வந்தது. மானம் பெரிதா, அடுப்படி பெரிதா என்று யோசித்துப் பார்த்துவிட்டு மெல்லப் பௌலிடம் போனார். தனக்குத் தெரிந்த டேனிஷில், மீன் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். கிழவர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. ஐஸ்பெட்டியைத் திறந்து, ஒரு கயிற்றில் கோத்திருந்த நாலு அபோரவைப் பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். டேனிஷ்காரர் அடுத்தவன் விசயத்தில் தலையிடாத சனம் என்று நித்தியானந்தன் மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

வீட்டில் பேப்பரோடு மீனை மேசையில் வைத்தார். தொண்டையைச் செருமினார்.

“நடு ஏரி. நல்ல ஆழம். முக்கால் மணித்தியாலம் போராட்டம்!”

“நாலும் ஒண்டாவா?”

“ஒண்டுக்குப் பின்னால ஒண்டு.”

“கோத்தது ஆரு?”

“நான்தான். வேற ஆர்?”

“கயிறு?”

“அது... கரையில கிடந்தது.”

தங்கராணி கயிற்றை உருவிக் குழாயில் கழுவினாள். வழுவழுப்பும் இரத்தமும் போக, மஞ்சள் நாடா ஒன்று வெளிப்பட்டது. அதில் எழுத்து இருந்தது.

“கண்ணாடியப் போட்டு வாசிங்க.”

“வைலே... மாநாடு... வரவேற்புக் குழு...” குரல் இறங்கிக்கொண்டே போனது. மேடை மேடையாக அவர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் நாடா. அலுமாரிக்குள் ஆணியில் இருக்கவேண்டியது.

“பௌல்ட மனிசி என்னோடதான் வேலை செய்யிறா. நேற்றுப் பின்னேரம் அவவோட போய் அந்த விழுந்த மரத்துக்குப் பக்கத்தில அரை மணித்தியாலம் நிண்டன், இந்த நாலும் மாட்டினது. செவுளுக்குள்ளால கயிறு விட்டுக் கோர்வை கட்டுறது எங்கட வாவிக்கரைப் பழக்கம். டேனிஷ்காரன் மீன் கோத்துக் கண்டிருக்கீங்களா? கடைசி நாள் எப்படியும் அவரிட்டக் கேப்பீங்க எண்டு தெரியும். கேட்டா இந்தக் கோர்வையக் குடுங்க எண்டு பௌலிட்டச் சொல்லி வச்சன்.”

“எப்படியோ, ஏரி மீன் வீட்டுக்கு வந்திட்டுதுதானே?”

“வந்திட்டு. வேட்டையாடினது நான். உலக நியதி சொன்னது நீங்க.”

கத்தியை அவர் கையில் கொடுத்துவிட்டு, கதிரையை இழுத்து அடுப்படி வாசலில் போட்டுச் சாய்ந்து இருந்தாள். தொண்டையைச் செருமினாள்.

“முதல்ல உப்பப் பற்றிக் கொஞ்சம் கதைப்பம்.”