பாப்கார்ன் தின்றது நீ இல்லை

சின்ன வயதில் என்னை இடுப்பில் சுமந்தவளும், சினிமாக் கொட்டகை இருட்டுக்குள் முதன்முதலாகக் கைபிடித்து அழைத்துப்போனவளும், தற்சமயம் என் போனை எடுக்காதவளுமாகிய அக்காவின் சமூகத்துக்கு, ‘அவசரம்’ என்று நீ பட்டப்பெயர் வைத்த தம்பி பணிவோடு எழுதிக்கொள்வது.

இங்கே நான் நலம். வீட்டில் உன் தம்பி பெண்டாட்டியும் நலம். என் இடது முழங்கால் நலம், வலது முழங்கால் இன்னும் யோசனையில் இருக்கிறது. மாடியில் குடியிருப்பவர் புதிதாக வாங்கிய ஸ்பீக்கரும் பூரண நலம், அதன் நலம் தினமும் காலை ஆறு மணிக்கு எங்களுக்குத் தெரிவிக்கப்படுகிறது. நிற்க. வருஷக் கடைசி வந்துவிட்டது. நாற்பத்தாறு வருஷமாக இந்த வாரத்தில் நாம் என்ன செய்வோம் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். நீ பேசாவிட்டாலும் வருஷத்துப் படங்களின் லிஸ்ட் நிற்கக் கூடாது என்று உட்கார்ந்துவிட்டேன். கோபம் வேறு, லிஸ்ட் வேறு.

முதலில் மோசமான படங்களை முடித்துவிடுகிறேன், நல்லதைச் சொல்லும்போது எரிச்சல் மிச்சம் இருக்கக் கூடாது. இந்த வருஷத்தின் மட்டமான படம், மூன்று மணி நேரம் ஓடி, எல்லோரையும் வெட்டிச் சாய்த்து, கடைசியில் ‘கதை இனிமேல்தான், இரண்டாம் பாகத்தில் சந்திப்போம்’ என்று போட்டு விளக்கை ஏற்றிய படம். குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்தவன் நான். குழாயில் காற்று வருகிறது என்று வந்தவர்களை எத்தனையோ விதமாகச் சமாளித்திருக்கிறேன். ஆனால் மூன்று மணி நேரம் உட்கார வைத்துவிட்டு ‘அடுத்த வருஷம் வாங்க’ என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. அதற்கு அடுத்தது, கதாநாயகன் நடந்துகொண்டே இருக்கும் படம். மெதுவாக நடக்கிறான், கோட்டை உதறுகிறான், மறுபடி மெதுவாக நடக்கிறான். எனக்கு முழங்கால் வலி என்பதால் நான் மெதுவாக நடக்கிறேன், அவனுக்கு என்ன கேடு? மூன்றாவது படம் முழுக்க இருட்டு. யாரும் வீட்டில் விளக்குப் போடுவதில்லை, கிசுகிசு என்று பேசுகிறார்கள். உன் தம்பி பெண்டாட்டி என் காதில், “என்னங்க, இவங்களும் உங்க ஆபீஸ் மாதிரி கரண்ட் பில்லு கட்டலையா?” என்றாள். அது ஒன்றுதான் அன்றைக்கு நான் தெளிவாகக் கேட்ட வசனம்.

நல்ல படம் என்றால் இந்த வருஷம் ஒன்றே ஒன்று. ஒரே வீட்டில் இரண்டு கிழவிகள், அக்கா தங்கை. இருவருக்கும் ஒரே ஒரு மூக்குக்கண்ணாடி. வெளியூரிலிருந்து வரும் கடிதங்களை அக்காக்காரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தங்கைக்குப் படித்துக் காட்டுகிறாள், கெட்ட செய்தி வரும் இடங்களில் எல்லாம் சொந்தமாக நல்ல செய்தியை இட்டுக்கட்டிச் சொல்கிறாள். ஒருநாள் அக்கா கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்துத் தங்கை கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொள்கிறாள். அவ்வளவுதான் படம். ஹாலில் மொத்தம் ஏழு பேர், அதில் இருவர் ஏசிக்காக வந்தவர்கள். வெளியே வந்து வீடு வரைக்கும் நான் வாய் திறக்கவில்லை. ‘எந்தப் படம் பார்த்துவிட்டு வீடு வரைக்கும் பேசாமல் நடக்கிறோமோ அதுதான் நல்ல படம்’ என்பது நீ போட்ட சட்டம். சட்டப்படி அது முதல் இடம். ஆனால் அக்கா, வீட்டுக்கு வந்த பிறகு யாரிடமாவது பேச வேண்டுமே, அதற்கு உன்னை விட்டால் ஆள் இல்லை. போனை எடுத்து உன் நம்பரைப் போட்டுவிட்டு, நீ எடுக்க மாட்டாய் என்று தெரிந்து வைத்துவிட்டேன்.

உனக்கு அந்தப் பழைய கொட்டகை ஞாபகம் இருக்கிறதா? ஒரே திரை, ஒரே கதவு, கதவுக்கு ஒரு கிழிந்த கறுப்புத் துணி. வெள்ளிக்கிழமை மதிய ஆட்டத்துக்கு நம் வீட்டிலிருந்து இருவரைத்தான் அனுப்புவார் அப்பா, போனவர்கள் வந்து மற்றவர்களுக்குக் கதை சொல்ல வேண்டும் என்று நிபந்தனை. நீ என்னைத்தான் கூட்டிப்போவாய். இடைவேளையில் கூட்டம் முட்டி மோதும்போது என் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே வருவாய், கழிப்பறை வாசலில்கூட விடமாட்டாய், எனக்கு மானம் போகும். வீட்டுக்கு வந்து நீ கதை சொல்ல ஆரம்பித்தால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவாள். கதாநாயகி எந்தக் கையால் கண்ணைத் துடைத்தாள் என்பது வரைக்கும் சொல்வாய். பிற்பாடு அம்மா அதே படத்தைப் பார்த்துவிட்டு வந்து, “நீ சொன்ன படம் எங்கடீ? இதுல பாதிகூட இல்லையே!” என்று சண்டை பிடித்தாள். அந்த வருஷம்தான் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் முதல் லிஸ்ட் எழுதினோம். நல்ல படம் ஐந்து, கெட்ட படம் ஐந்து. நாம் பார்த்ததே ஏழு படம்தான், ஆகவே மூன்று படங்கள் இரண்டு பக்கமும் இருந்தன. உனக்குக் கல்யாணம் ஆகிப் போன பிறகு லிஸ்ட் தபாலில் வந்தது. அடியில் அத்தான் கையெழுத்தில் ஒரு வரி இருக்கும்: ‘மேற்கண்ட எதையும் நான் பார்க்கவில்லை, எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன்.’ அவ்வளவு நல்ல மனுஷர்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வராமல் சுற்றிக்கொண்டே இருக்கிறேன் என்பது எனக்கே தெரிகிறது.

போன வருஷம் அத்தான் போய் நாலாவது மாதம் நீ இங்கே வந்திருந்தாய். மனசுக்கு மாற்றமாக இருக்கட்டும் என்று நான்தான் உன்னை அந்த ஆறு ஹால் உள்ள இடத்துக்குக் கூட்டிப்போனேன். லாரி மெக்கானிக் படம். முதல் பாதியில் அவன் இருமிக்கொண்டே இருந்தான், எனக்குக் கொஞ்சம் அலுப்பாக இருந்தது. இடைவேளையில் நான் பாப்கார்ன் வாங்கப் போனேன். நீ வரவில்லை, உட்கார்ந்தே இருந்தாய். அங்கே வரிசையில் நிற்கும்போதே மணி அடித்துவிட்டது, நான் எப்போதும் போல அவசரம் அவசரமாக ஓடிவந்து, இருட்டில் வரிசை எண்ணைத் தடவி, நம் நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் நீ நரைத்த தலையும் சால்வையுமாக இருந்தாய். பாப்கார்னை நீட்டினேன். எடுத்துக்கொண்டாய். இதில் நான் எதைச் சந்தேகப்படுவது, சொல்! திரையில் மெக்கானிக் ஒரு பாழடைந்த பங்களாவில் பேய்க்குப் பயந்து ஓடிக்கொண்டிருந்தான். அதே தாடி. இந்தக் காலத்தில் எல்லோருக்கும் அதே தாடிதான், அடையாள அட்டையா கேட்க முடியும்? இருமி இருமி இடைவேளையில் செத்துப் பேயாகிவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு அவனே பேய்க்குப் பயப்படுகிறானே என்று குழம்பி, தன்னைக் கண்டே தான் பயப்படுகிறான், ஏதோ தத்துவம் என்று சமாதானம் செய்துகொண்டேன். அதன்பிறகு ஒரே சிரிப்பு. பேய்க்கு விக்கல் எடுக்கும் இடத்தில் நீ என் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்துச் சிரித்தாய். அத்தான் போனபிறகு நீ சிரித்து நான் கேட்டதே இல்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது அக்கா. கூட்டத்துக்கு முன்னால் வெளியேறும் என் வழக்கப்படி, விளக்குப் போடும் முன்பே “வா, வா” என்று சொல்லிவிட்டு வெளியே ஓடிவந்தேன்.

வெளியே படிக்கட்டில் நீ ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாய். கண்ணெல்லாம் சிவந்து வீங்கியிருந்தது.

“எங்கடா போன?” என்றாய்.

“எங்க போனேன்? உன் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்?”

“என் பக்கத்துலயா?”

“பின்ன? பாப்கார்ன் பூராவும் தின்னது யாரு?”

நீ என்னை ஏற இறங்கப் பார்த்தாய். பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலையிலேயே ஊருக்குக் கிளம்பிவிட்டாய். பேசாமல் நடந்தால் நல்ல படம் என்ற உன் சட்டப்படி, உனக்குப் படம் ரொம்பப் பிடித்துவிட்டது என்று இந்த மடையன் முடிவு செய்தேன். போதாக்குறைக்கு அடுத்த வாரம் லிஸ்ட் அனுப்பினேன். அதில், முதல் பாதியும் இரண்டாம் பாதியும் ஒட்டவே இல்லை என்று அந்தப் படத்தை மோசமான படங்களில் முதலாவதாகப் போட்டு, ‘இரண்டாம் பாதி வயிறு குலுங்கச் சிரிப்பு, எதற்கு அழுவது என்றே தெரியவில்லை’ என்று என் கையாலேயே எழுதினேன். அதன்பிறகுதான் நீ போன் எடுப்பதை நிறுத்தினாய். ஒரு படத்தைத் திட்டியதற்கா இவ்வளவு வீம்பு என்று நானும் முறுக்கிக்கொண்டு திரிந்தேன்.

போன மாதம் டிவியில் மெக்கானிக் படம் போட்டார்கள். முதல் பாதி பார்த்தது. “இப்ப பாரு, பங்களா வரும், பேய்க்கு விக்கல் எடுக்கும், விழுந்து விழுந்து சிரிப்பே” என்று உன் தம்பி பெண்டாட்டியிடம் அளந்துகொண்டிருந்தேன். இடைவேளை முடிந்தது. பங்களா வரவில்லை. ஆஸ்பத்திரி வந்தது. மெக்கானிக் உள்ளே படுத்திருக்கிறான், மனைவி தாழ்வாரத்தில் கையில் அவன் செருப்பை வைத்துக்கொண்டு நிற்கிறாள். உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள். விடிகிற வரை அப்படியே நிற்கிறாள். அத்தானுக்கு நடந்த அதே கதை, நீ நின்ற அதே தாழ்வாரம், அந்தச் செருப்பு உட்பட. துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

உன் தம்பி பெண்டாட்டி டிவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “அப்போ நீங்க அந்த ஹால்ல இல்லவே இல்ல” என்றாள்.

இல்லை அக்கா. நான் அங்கே இல்லை. நாலாம் நம்பர் ஹாலுக்குப் பதில் ஐந்தாம் நம்பரில் உட்கார்ந்து யாரோ ஒரு அம்மாளுக்குப் பாப்கார்ன் ஊட்டிக்கொண்டிருந்தேன். (அந்த அம்மாளும் ‘நீங்க யாரு’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இந்த விஷயத்தில் அவர்கள் பங்கும் இருக்கிறது.) அந்தச் செருப்பைப் பார்த்தபோது நீ என் கையைத் தேடியிருப்பாய். நாற்காலி காலியாக இருந்திருக்கும். ஆஸ்பத்திரிக் காட்சி வருகிறது என்று தெரிந்து பயந்து எழுந்து போய்விட்டான், போனதோடு இல்லாமல் பக்கத்தில்தான் இருந்தேன் என்று முகத்துக்கு நேரே புளுகுகிறான், அதற்கு மேல் சிரிப்பு வந்தது என்று கடிதம் வேறு எழுதுகிறான் என்றுதானே நினைத்தாய்? நான் அப்படி நினைத்திருந்தால் போனை மட்டுமா, தம்பியையே தலைமுழுகியிருப்பேன். நான் பொய் சொல்லவில்லை, ஆனால் உன் பக்கத்தில் நான் இல்லை என்பதும் நிஜம். இரண்டும் ஒரே சமயத்தில் எப்படி இருக்க முடியும் என்று புரிய எனக்கு ஒரு வருஷம் ஆனது. மன்னித்துவிடு.

ஆகவே போன வருஷத்து லிஸ்டில் ஒரு திருத்தம். மெக்கானிக் படத்தை மோசமான பக்கத்திலிருந்து அடித்துவிட்டு, நல்ல பக்கத்தில் முதலாவதாக எழுதிக்கொள். பேய்ப் படத்தை, அதன் முதல் பாதி நான் பார்க்காததால், நடுவில் விட்டுவைக்கலாம். நாற்பத்தாறு வருஷத்தில் லிஸ்டைத் திருத்துவது இதுதான் முதல் தடவை, உன் ஒப்புதல் இல்லாமல் செல்லாது. இந்த வருஷத்து உன் லிஸ்டையும் உடனே அனுப்பு.

உன் பிள்ளைக்கும் மருமகளுக்கும் என் ஆசீர்வாதம். பேத்திக்கு முத்தம், அவளை ஆறு ஹால் உள்ள இடத்துக்குத் தனியாக விட வேண்டாம். எல்லோரும் நீண்ட ஆயுளோடு, இரண்டாம் பாகம் இல்லாத படங்களாகப் பார்த்து வாழ்க.

என்றும் உன் அன்புத் தம்பி,
அவசரம்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் உன் தம்பி பெண்டாட்டி வாங்கிப் படித்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்து எதிரில் நின்றேன். படித்து முடித்துவிட்டு, “டிவியில அந்தப் பொண்ணு தனியா நிக்கறான்னு அப்படி அழுதீங்களே, உங்க அக்கா எப்படி இருக்காங்கன்னு இதுல ஒரு வரி கேட்டிருக்கீங்களா?” என்றாள். கேட்காமலா என்று பிடுங்கிப் பார்த்தேன். முதலிலிருந்து கடைசிவரை இரண்டு தடவை தேடினேன். இல்லை. போன வருஷத்துக் கடிதத்திலும் கேட்டிருக்க மாட்டேன் என்கிறாள், யோசித்துப் பார்த்தால் கேட்கவில்லைதான். நீ போன் எடுக்காததற்கு அந்த லாரி மெக்கானிக்கும் பேயும் காரணமே இல்லையோ என்று இப்போதுதான் தோன்றுகிறது. மேலே எழுதிய எதையும் படிக்க வேண்டாம் அக்கா. லிஸ்டும் அனுப்ப வேண்டாம். அத்தான் இல்லாமல் நீ எப்படி இருக்கிறாய்? சாப்பிடுகிறாயா, தூக்கம் வருகிறதா? அதை மட்டும் எழுது.