அப்போஸ்தலரின் பெருவிரல் நகம்

கொடைக்கானல்,
22-3-1983

மரியாதைக்குரிய மச்சான் மனுவேல் அவர்களுக்கு, உங்கள் தங்கை புருஷன் மரியசெல்வம் எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் கித்தேரியம்மாளும் சுகம். என் கால் பெருவிரல் நகம் ஒன்றுதான் சுகமில்லை. அங்கே அய்யம்பாளையத்தில் உங்கள் எல்லாருடைய நகங்களும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன்.

மச்சான், பெரிய வியாழனுக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது. பதினோரு வருஷம் காத்திருந்து, இந்த வருஷம்தான் கோயிலில் பாதம் கழுவப்படும் பன்னிரண்டு அப்போஸ்தலரில் ஒருவனாக என் பேர் வந்திருக்கிறது. சாமியார் முழங்காலிட்டுக் காலைக் கழுவித் துடைத்துக் குனிந்து உதட்டால் முத்தி செய்வார். என் காலைப் பார்த்தால் அவர் அந்தப் பக்கமே திரும்ப மாட்டார்.

ஆபீசில் ரிடையரானவன் சும்மா கிடக்காமல் பக்கத்து ஊர் பள்ளங்கியில் உருளைக்கிழங்கு போட்டேன், போன வருஷத்துக்கு முந்தின வருஷ ஐப்பசி மழையில் வெறுங்காலோடு சேற்றில் நின்றேன், கல் இடித்தது, நகம் மஞ்சளாகிப் பச்சையாகி இப்போது கருத்துத் தடித்துக் கிடக்கிறது. உங்கள் தங்கை நகச்சுத்தி என்று தானே தீர்மானித்து எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் மாட்டிவிட்டாள். அதோடு பூசைக்குப் போனால், "என்னங்க, கால்ல பழம் காச்சுருக்கு?" என்று ஊரே கேட்டது. கம்பவுண்டர் சர்க்கரை வியாதி என்றார். சோதித்தால் சர்க்கரை இல்லை. மதுரை டாக்டர் நகத்தை வெட்டி லேப்புக்கு அனுப்பினார். இது காற்றில் வந்து விழுந்த பூசணம், நோய்க் கணக்கில் வராது, மறுபடி அனுப்பு என்றார்கள். மறுபடியும் அதே பதில். மூன்றாம் தடவையும் அதே பூசணம் முளைத்த பிறகுதான் நம்பினார்கள். மண்ணிலும் அழுகின இலையிலும் இருக்கிற சாதியாம், மனுஷன் நகத்தில் அபூர்வமாம். டாக்டருக்கு ஒரே சந்தோஷம். டாக்டருக்குப் படிக்கிற பத்துப் பிள்ளைகளைக் கூட்டிவந்து, "பாருங்க, ஒடம்புல ஒரு கொறையுமில்ல, அருமையான ஆரோக்கியம்! இவருக்குப் போயி வந்துருக்கு!" என்றார். நோயாளியாக இருந்தால்கூட மனசு ஆறியிருக்கும் மச்சான். ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டேன். அது தோலில் வரும் படைக்குக் கேட்குமாம், இந்தப் பூசணத்துக்குக் கேட்காதாம்.

வெட்கம் பிடுங்கித் தின்கிறது. நான் உட்காரவில்லை என்று கோயில் உபதேசியாருக்குச் சொல்லியனுப்பிவிட்டேன். ஆனால் நாற்காலி நம் குடும்பத்தை விட்டுப் போகக்கூடாது. நீங்கள் காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வெள்ளனே பஸ் ஏறி வந்து எனக்குப் பதிலாக உட்கார வேண்டும். மறுத்தால் நான் உயிரோடிருந்து பிரயோசனமில்லை.

அக்காவுக்கு என் தோத்திரம், பிள்ளைகளுக்கு ஆசீர்.

இப்படிக்கு,
கெட்ட நகமும் நல்ல ஆரோக்கியமும் உள்ள
மரியசெல்வம்

பி.கு.: கவரை ஒட்டுமுன் உபதேசியார் வந்தார். உங்களைப் பற்றிச் சொன்னேன். வெளிப்பங்கு ஆள் ஆகாதாம். "ஒங்களுக்கு எந்தக் காலுங்க?" என்றார். இடது என்றேன். "அட, சாமியார் வலது காலத்தானங்க கழுவுவாரு! பதினோரு வருசமா எதைப் பாத்தீங்க?" என்றார். என் நாற்காலியை உள்பங்கு ஆள் பவுல்ராஜுக்குக் கொடுத்துவிட்டாராம். "கடைசி நாற்காலிதான் கெடக்கு. யூதாசு நாற்காலின்னு ஒருத்தரும் உக்கார மாட்டேங்குறாங்க" என்றார். காட்டிக்கொடுத்த யூதாசு காலையும் ஆண்டவர் கழுவத்தானே செய்தார்? சரி என்றுவிட்டேன். நீங்கள் வரவேண்டாம். கித்தேரியம்மாள் சந்தோஷத்தில் என் வேட்டிக்கு நீலம் போட்டுக்கொண்டிருக்கிறாள். எந்த நாற்காலி என்று மட்டும் அவளிடம் சொல்லவில்லை.