ஏரியில் எத்தனை நாரை?

இந்த வீட்டில் என் கண்ணைப் பற்றி இனிமேல் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அதற்காக ஓர் ஏரி நிறையப் பறவைகளை எண்ணிக் காட்ட வேண்டும் என்றால், எண்ணிக் காட்டுகிறேன்!

இப்படிச் சபதம் போட்டுவிட்டுச் சாப்பாட்டு மேஜையை ஓங்கி ஒரு குத்து விட்டேன். டம்ளர் ஆடியது. தட்டு ஆடியது. என் மனைவி ஆடவில்லை.

சபதத்துக்குக் காரணம் ஒரு பிளாஸ்டிக் பை. முந்தின நாள் சாயங்காலம் எதிர் நடைபாதையில் ஒரு கறுப்பு நாய் படுத்திருந்தது. குளிரில் பாவம் நடுங்குகிறதே என்று வாசலில் நின்றபடி ஒரு பிஸ்கட் போட்டேன். அசையவில்லை. இன்னொன்று போட்டேன். ‘ச்சூ, ச்சூ’ என்று அன்பாக அழைத்தும் பார்த்தேன். பாக்கெட் காலியான சமயத்தில் காற்று ஒன்று அடித்தது. நாய் பறந்து போய்விட்டது.

நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். ஊரில் பாதிப் பேருக்குக் கிளட்ச் எது, பிரேக் எது என்று காட்டிக் கொடுத்தவன். மீதிப் பாதிப் பேர் என் மாணவர்களைக் கண்டதும் ஓரமாக ஒதுங்கத் தெரிந்தவர்கள். அப்படிப்பட்ட எனக்குக் கண் சரியில்லை என்று வெளியே தெரிந்தால் பிழைப்பு என்ன ஆவது?

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். சரியில்லைதான். கொஞ்ச காலமாகவே தூரத்துப் போர்டுகள் எல்லாம் மழையில் நனைந்த மாதிரி தெரிந்தன. சமாளித்துக்கொண்டிருந்தேன். “தம்பி, அந்த போர்டுல என்ன போட்டிருக்கு? சத்தமா படிங்க!” என்று மாணவனை அதட்டுவேன். அவன் படிப்பான். மாஸ்டர் எவ்வளவு கண்டிப்பானவர் என்று ஊரே மெச்சும். லைசென்ஸ் ஆபீசில் கண் பரிசோதனைக்கு வைத்திருக்கிறார்களே எழுத்துப் பலகை, அது எனக்குப் பயமே இல்லை. புதிதாகச் சேர்கிறவர்களை அழைத்துக்கொண்டு மாதாமாதம் அங்கே போய் நிற்கிறவன் நான். மேலிருந்து கீழ் வரை தலைகீழாக ஒப்பிப்பேன்.

டாக்டரிடம் போயிருக்கலாமே என்பீர்கள். என் பெரியப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் தூரம் மங்கியது. பிறகு கிட்டத்தில் மங்கியது. அவர் டாக்டரிடம் போனபோது, ரொம்பத் தாமதம் என்று கையை விரித்துவிட்டார்கள். கடைசி வரை அவர் சுவரைத் தடவிக்கொண்டுதான் நடந்தார். டாக்டரிடம் போகாத வரைக்கும் நமக்கு ஒன்றும் இல்லை. இது என் சித்தாந்தம்.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வகுப்பில் கணக்குப் போட்டதோடு விடாமல் வீட்டுக்கு வந்து என்னை வைத்தும் போடுவாள். அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள்.

“நீர்ப்பறவை சரணாலயத்துல ஞாயித்துக்கிழமை கணக்கெடுப்பாம். எண்ணறதுக்கு ஆள் வேணுமாம். நான் பேர் குடுத்துட்டேன்.”

“நல்லது. போயிட்டு வா.”

“உங்களையும் கேட்டாங்க. அவர் வரமாட்டார்னு சொல்லிட்டேன்.”

“ஏன் வரமாட்டேன்?”

“தூரத்துல இருக்கிறதை எண்ணணுமாம்.”

“அதனால?”

“அதனாலதான்.”

“என்னடி இது? நான் எண்ண மாட்டேனா?”

“எண்ணுவீங்க. நேத்து பையை நாய்னு எண்ணினீங்களே, அந்த மாதிரி எண்ணுவீங்க.”

அப்போதுதான் அந்தச் சபதமும் குத்தும். “நான் எண்ணிட்டேன்னா, கண்ணாடின்னு ஒரு வார்த்தை இந்த வீட்டுல கேக்கக் கூடாது!” என்றேன்.

“சரிங்க” என்றாள். சட்டென்று சரி சொல்லிவிட்டாள். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சபதம் போடுவது சுலபம். கண்ணுக்கு எங்கே போவது? பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியனிடம் போனேன். கம்பத்தின் உச்சியில் எந்த ஒயர் பொசுங்கியிருக்கிறது என்று தரையிலிருந்தே சொல்லுகிற கண் அவருக்கு.

“நீங்களும் பேர் குடுங்க. என் பக்கத்துல நில்லுங்க. எத்தனை பறவை இருக்கோ அத்தனை தடவை இருமணும். அவ்வளவுதான்.”

“நூறு இருந்தா? நான் செத்துட மாட்டேனா, மாஸ்டர்?”

“பத்துக்கு ஒரு செருமல். ஒண்ணுக்கு ஓர் இருமல்.”

“என்ன பறவைன்னு எப்படிச் சொல்றது?”

“அதை அவ சொல்லிடுவா. புத்தகமெல்லாம் படிச்சு வெச்சிருக்கா. எண்ணிக்கை மட்டும்தான் என் பொறுப்பு.”

“என் சம்சாரத்துக்கு ஓசியில கார் கத்துக் குடுப்பீங்களா?”

“ரிவர்ஸ் உட்பட!”

மனிதர் அங்கேயே ஒரு தடவை செருமிக் காட்டினார். கணீரென்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் எலக்ட்ரீஷியனின் வேனில் மூவரும் போய் இறங்கினோம். சரியான பனி. ஏரி எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று யாருக்குமே தெரியவில்லை. “ஒண்ணுமே தெரியலையே!” என்று எல்லாரும் புலம்பினார்கள். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. உலகம் முழுவதும் என் கண்ணின் தரத்துக்கு இறங்கி வந்திருந்தது.

“பனி விலகற வரைக்கும் ஒரு சின்னப் பயிற்சி. ஒவ்வொருத்தரா உள்ள வாங்க” என்றார் பச்சைக் கோட்டு போட்ட ஓர் அம்மா. கணக்கெடுப்புக்கு அவர்தான் தலைவி.

முதல் ஆளாக என்னைக் கூப்பிட்டார். எலக்ட்ரீஷியனும் கூடவே வந்தார். “நீங்க அப்புறம்” என்று அவர் மூக்குக்கு நேரே கதவைச் சாத்திவிட்டார் அந்த அம்மா.

அறைக்குள் ஒரு நாற்காலி. எதிர்ச் சுவரில் பெரிய அட்டை. அட்டை நிறையப் பறவைப் படங்கள். மேலே பெரிதாக ஒன்று. கீழே வர வர, பொடிப் பொடியாக.

“ஒரு கண்ணை மூடிக்கோங்க.”

“எதுக்குங்க?”

“டெலஸ்கோப்ல ஒரு கண்ணாலதானே பாக்கணும்? உங்களுக்கு எந்தக் கண்ணு தோதுன்னு தெரிஞ்சுக்கணும்.”

நியாயமாகப் பட்டது. மூடிக்கொண்டேன்.

“முதல் வரி?”

“நாரை!”

“ரெண்டாவது?”

“வாத்து. ஜோடியா இருக்கு.”

“மூணாவது?”

“அதே வாத்துங்கதான். கொஞ்சம் இளைச்சிருக்கு.”

“நாலாவது எந்தப் பக்கம் பாக்குது?”

“எல்லாம் ஒத்துமையா நம்மளைத்தான் பாக்குது.”

“கடைசி வரி?”

“கடைசி வரின்னு ஒண்ணு இருக்குங்களா?”

அந்த அம்மா சிரிக்கவில்லை. அடுத்த கண்ணிலும் அதே வாத்துகளைப் பார்த்தேன். பிறகு ஒரு சின்ன விளக்குக் கருவியை என் கண்ணருகே கொண்டுவந்து, உள்ளே எட்டிப் பார்த்தார்.

“இது எதுக்குங்க?”

“குளிர்காத்துல கண்ணு கலங்கறவங்களைக் கரையோரத்துல நிறுத்தறதில்லை.”

அதுவும் நியாயமாகப் பட்டது. ரொம்ப நேரம் பார்த்தார். என் உள்ளங்கால் வரை தெரிந்திருக்கும். “ம்” என்றார். அந்த ‘ம்’ நல்ல ‘ம்’மா, கெட்ட ‘ம்’மா என்று விளங்கவில்லை. “போங்க. கிழக்குக் கரையில உங்களுக்கு இடம்.”

தேறிவிட்டேன்! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன்.

பனி விலகியது. எல்லாருக்கும் விலகியது, எனக்கு மட்டும் பாதி விலகியது. வலது பக்கம் எலக்ட்ரீஷியன். இடது பக்கம் மனைவி, கையில் பென்சில்.

“கரண்டிவாயன். எத்தனைங்க?”

செருமல் ஒன்று. இருமல் நான்கு.

“பதினாலு!” என்றேன், கண்ணை இடுக்கிக்கொண்டு.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “சரியாதான் சொல்றீங்க. நாமக்கோழி?”

செருமல், செருமல், செருமல், இருமல்.

“முப்பத்தொண்ணு. அதுல ஒண்ணு கொஞ்சம் சோர்வா இருக்கு” என்று கொசுறாக ஒன்றைச் சேர்த்தேன். வெற்றி மனிதனை அப்படிப் பேச வைக்கும்.

“நீர்க்காகம்?”

இருமல் ஐந்து. சொன்னேன். ஊசிவால் வாத்து? சொன்னேன். கணக்கு டீச்சரின் முகத்தில் சந்தேகம் கரைந்து மரியாதை ஊறுவது போல இருந்தது. அது கிட்டத்தில் இருந்ததால் நன்றாகவே தெரிந்தது.

அப்போதுதான் அவள் கைப்பையைத் திறந்தாள்.

“என்னங்க எலக்ட்ரீஷியன் சார், காலையிலேர்ந்து இப்படி இருமறீங்களே. பாவமா இருக்கு. இந்தாங்க, இந்த மிட்டாயை வாயில போட்டுக்கோங்க.”

“வேணாங்க, எனக்கு...”

“அட, போட்டுக்கோங்க. உங்க சம்சாரம் என்னைத்தான் திட்டுவாங்க.”

சம்சாரத்தின் பெயரைக் கேட்டதும் மனிதர் பட்டென்று வாயில் போட்டுக்கொண்டார். அது என்ன மருந்து மிட்டாயோ, உருட்டி உருட்டிப் பார்த்தாலும் கரையவே இல்லை. கன்னம் உப்பி, கண்ணில் நீர் கட்டி நின்றார். இருமலும் வரவில்லை, செருமலும் வரவில்லை.

“நாரை எத்தனைங்க?” என்றாள் என் மனைவி.

வலது பக்கம் காதைச் சாய்த்தேன். ஏரியில் ஏதோ ஒன்று ‘க்ளக்’ என்றது.

“அங்கே, நாணலுக்கு முன்னாடி. பெருசு பெருசா நிக்குதே. எத்தனை?”

பார்த்தேன். கண்ணை இடுக்கிப் பார்த்தேன், அகட்டிப் பார்த்தேன். பஞ்சுப் பொதியைப் பிரித்துப் போட்ட மாதிரி ஒரு வெள்ளைத் தீற்றல். அவ்வளவுதான். அதில் மூன்று நாரையும் இருக்கலாம், முந்நூறும் இருக்கலாம். துணி காயப்போட்டிருந்தாலும் இருக்கலாம்.

வாய்க்கு வந்த ஒன்றைச் சொல்லியிருப்பேன். ஆனால் அவள் பென்சிலைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கேலி இல்லை.

“தெரியலைம்மா” என்றேன்.

“எதுவுமே தெரியலையா?”

“வெள்ளையா தெரியுது. பறவையா தெரியலை.” பிறகு என்னை அறியாமல் வந்துவிட்டது. “பெரியப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது.”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எலக்ட்ரீஷியன் மரியாதை தெரிந்தவர். வாயில் மிட்டாயோடு கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

பின்னால் காலடிச் சத்தம். பச்சைக் கோட்டு அம்மா. கையில் ஒரு விநோதமான கண்ணாடிச் சட்டம், உருண்டையாக, கனமாக. ஏதோ இரண்டு வில்லைகளை அதில் செருகி, என்னைக் கேட்காமலே என் மூக்கில் மாட்டினார்.

“இப்ப பாருங்க” என்றார்.

பார்த்தேன்.

அந்த வெள்ளைத் தீற்றல் உதறிக்கொண்டு எழுந்தது. கால் முளைத்தது. கழுத்து முளைத்தது. ஒரு நாரை ஒற்றைக் காலில் நின்றது. இன்னொன்று சிறகைக் கோதியது. அலகில் மீன் துடிப்பது தெரிந்தது. மீனின் வால் கூடத் தெரிந்தது! அதற்குப் பின்னால் நாணல், தாள் தாளாக. அக்கரையில் மரம், இலை இலையாக. உலகம் இவ்வளவு கூர்மையாகவா இருந்தது? நான் பார்க்காத சமயத்தில் யாரோ சீவி வைத்துவிட்டார்கள்.

“பயப்படற மாதிரி உள்ள எதுவும் தெரியலை. நரம்பெல்லாம் நல்லா இருக்கு” என்றார் அந்த அம்மா. “சாதாரணக் கிட்டப்பார்வை. இத்தனை நாளா இதோட எப்படி வண்டி ஓட்டினீங்கன்னு நினைச்சாதான் எனக்குப் பயமா இருக்கு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வாங்க, முழுசா பாத்துடலாம்.”

“ஆஸ்பத்திரியா? நீங்க...”

“கண் டாக்டர்ங்க. என்கூடப் படிச்சவ” என்றாள் என் மனைவி. “லீவு நாள்ல பறவை பாக்கறா.”

“அப்போ அந்தப் பயிற்சி? டெலஸ்கோப்? குளிர்காத்து?”

“எழுத்துப் பலகையை வெச்சா நீங்க ஒப்பிச்சுடுவீங்களே. தூக்கத்துலயே மேலேர்ந்து கீழ வரைக்கும் சொல்றீங்க. அதான் உங்களுக்குன்னு வாத்து போட்டுப் புது அட்டை தயார் பண்ணச் சொன்னேன்.”

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டேன். வருஷக்கணக்காக முதுகில் ஏறி உட்கார்ந்திருந்த பெரியப்பா மெல்ல இறங்கிப் போன மாதிரி இருந்தது. கண்ணில் நீர் வந்தது. குளிர்காற்றுதான்.

பிறகு எழுந்து நாரைகளை நானே எண்ணினேன். இருபத்திரண்டு. மிட்டாய் ஒருவழியாகக் கரைந்த எலக்ட்ரீஷியன், “இருபத்தொண்ணுதான், மாஸ்டர்” என்றார். “நாணலுக்குள்ள ஒண்ணு உக்காந்திருக்கு, பாருங்க” என்று விரலை நீட்டினேன். பார்த்தார். இருந்தது. என் மனைவி இருபத்திரண்டு என்று எழுதிக்கொண்டாள். அந்த நாரையை வீட்டுக்கு அழைத்துப் போய் விருந்து வைக்கலாம் போல இருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் ஆயிற்று. ஒரு குறையும் இல்லை, கண்ணாடி போட்டால் போதும் என்றார் டாக்டர் அம்மா. சந்தோஷத்தில் காருக்கு ஓடினேன்.

“நில்லுங்க. கண்ணுல மருந்து விட்டிருக்கு. இன்னைக்கு நீங்க வண்டி எடுக்கக் கூடாதுன்னு சொன்னாங்க இல்ல?” என்று சாவிக்குக் கையை நீட்டினாள் என் மனைவி.

எனக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணமான புதிதிலிருந்து கார் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தவள் அவள். மனைவிக்குக் கற்றுக்கொடுத்தால் ரோட்டிலும் சண்டை வரும் என்று தட்டிக் கழித்துக்கொண்டிருந்தவன் நான். “நீ எங்கேம்மா ஓட்டுவே? ஆட்டோ பிடிப்போம்” என்றேன்.

அவள் உட்கார்ந்தாள். பெல்ட்டைப் போட்டாள். பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியைத் திருத்தினாள். ஒரு குலுங்கல் இல்லை, ஓர் உறுமல் இல்லை. நெரிசலில் இரண்டு லாரிகளுக்கு நடுவே வெண்ணெயில் கத்தி போல நுழைந்து வெளியே வந்தாள். என் மாணவன் ஒருவன் கூட இதுவரை அப்படி ஓட்டியது கிடையாது.

“இதை எங்கே கத்துக்கிட்டே?” என்றேன்.

“உங்க ஸ்கூலுக்கு எதிர்ல புதுசா ஒரு ஸ்கூல் வந்திருக்கே, அங்கதான். உங்க வாசலைத் தாண்டித்தான் தினமும் ஓட்டிட்டுப் போவேன். கையைக்கூட ஆட்டுவேன். நீங்களும் சிரிச்சுக்கிட்டே ‘வணக்கம் சார்’னு சொல்லுவீங்க.”